கடைசிப் பதினைந்து மீட்டர்

டோம்பிவிலியில் இருக்கும் அக்கா சென்ற மாதம் ஒரு நாள் இரவு போன் செய்தாள். "பையன் அழாத குறையா உட்கார்ந்திருக்கான்டா" என்றாள். ஒரு மென்பொருள் நிறுவனத்தின் மூன்றாவது சுற்று நேர்முகத் தேர்வு. வீட்டிலிருந்தபடியே, கம்ப்யூட்டர் திரை வழியாக. பத்தாவது நிமிடத்தில் படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. மறுபடி இணைந்தான். மறுபடி உறைந்தது. எதிர்முனையில் இருந்தவர்கள் "பிறகு பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் 'பிறகு'க்கு என்ன அர்த்தம் என்பது வேலை தேடும் எவருக்கும் தெரியும்.

அத்தான் போனை வாங்கிக்கொண்டார். "மாப்ளே, இப்ப நூறு மெகாபிட் பிளான்ல இருக்கோம். முந்நூறுக்கு மாத்திடறேன். மாசம் கொஞ்சம் கூட ஆகும், ஆகட்டும். பையன் வாழ்க்கையாச்சே."

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். மோடம் எங்கே இருக்கிறது, கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது? மோடம் ஹாலில், டி.வி.க்கு மேலே உள்ள அலமாரியில். கம்ப்யூட்டர் பின்னால் உள்ள படுக்கையறையில். நடுவே இரண்டு சுவர்கள், போதாததற்கு ஒரு இரும்பு பீரோ. இரண்டுக்கும் இடையே வயர் உண்டா என்றேன். "வயரா? அதான் வைஃபை இருக்கே" என்றார் அத்தான், ஏதோ மாட்டு வண்டியைப் பற்றி விசாரித்தவனுக்குப் பதில் சொல்வதுபோல.

பிளானை மாற்ற வேண்டாம், பதினைந்து மீட்டர் வயர் ஒன்று வாங்குங்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதுதான் இந்த வாரக் கட்டுரை.

பிராட்பேண்ட் மோடத்தைக் கம்ப்யூட்டருடன் எப்படி இணைப்பது என்ற கேள்வி நம் நாட்டில் பிராட்பேண்ட் அளவுக்கே பழையது. மத்திய அரசு 2004 அக்டோபரில் பிராட்பேண்ட் கொள்கையை அறிவித்தபோது வினாடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. (2023 ஜனவரி முதல் இந்த வரம்பு 2 மெகாபிட்.) 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தன் டேட்டாஒன் சேவையைத் தொடங்கியது. அதுவரை 56 கிலோபிட் டயல்-அப் மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி முடிக்கும்வரை காத்திருந்தவர்களுக்கு 256 என்பது பெரும் வரம்.

அந்த ஆண்டு என் வீட்டுக்கும் ஒரு மோடம் வந்தது. அட்டைப் பெட்டிக்குள் டெலிபோன் ஒயரை இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர், ஒரு சி.டி., இரண்டு வயர்கள். ஒன்று யு.எஸ்.பி. இன்னொன்று, டெலிபோன் வயரின் அண்ணன் மாதிரி கொஞ்சம் பெருத்த கண்ணாடிப் பல்லுடன் இருக்கும் லேன் வயர். மோடத்தின் முதுகிலும் இரண்டுக்கும் தனித்தனி வாய். எதைச் செருகுவது? பொருத்த வந்த இளைஞர் யோசிக்கவே இல்லை. யு.எஸ்.பி.யைச் செருகினார், சி.டி.யைப் போட்டார், ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அன்றைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் நெட்வொர்க் கார்டே இருக்காது. யு.எஸ்.பி. வாய் மட்டும் எல்லாவற்றிலும் இருக்கும். ஒரு நாளில் பல வீடுகளுக்குப் போக வேண்டியவர், எங்கேயும் செல்லுபடியாகும் வழியைத்தான் பிடிப்பார்.

அப்போது நண்பர்கள் மத்தியில் இது பற்றிப் பெரிய விவாதமே நடக்கும். எதில் வேகம் அதிகம்? உண்மையில் வேகம் ஒரு பிரச்சினையே அல்ல. யு.எஸ்.பி.யின் பழைய வடிவமே வினாடிக்கு 12 மெகாபிட் கடத்தும். வந்துகொண்டிருந்ததோ கால் மெகாபிட். நாற்பது அங்குலக் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினாலும் ஒரு டம்ளர்தான் வரும். வித்தியாசம் வேறு இடங்களில் இருந்தது.

முதலாவது, டிரைவர். யு.எஸ்.பி. வழியாகச் செருகிய மோடம் கம்ப்யூட்டருக்கு ஓர் அந்நியன். அவன் பாஷை புரிய அவனுக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். அது அந்தச் சி.டி.யில் இருந்தது. சி.டி. எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பது தேவைப்படும்போது யாருக்கும் தெரியாது. வைரஸ் தாக்கி விண்டோஸை மறுபடி ஏற்றினால் டிரைவர் போய்விடும். அதை இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்றால், இன்டர்நெட் வருவதற்கே அந்த டிரைவர் வேண்டும். 2007 ஜனவரியில் விஸ்டா வந்தபோது பழைய டிரைவர்கள் பல அதில் ஓட மறுத்தன. நல்ல நிலையில் இருந்த மோடங்கள் பரணுக்குப் போயின. லேன் வயருக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஈதர்நெட் என்ற இந்த முறை 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கியது. 1983இல் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. மோடம் எந்தக் கம்பெனியுடையது, கம்ப்யூட்டரில் எந்த விண்டோஸ் என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டல்ல.

இரண்டாவது, வேலைப் பங்கீடு. யு.எஸ்.பி. மட்டுமே உள்ள விலை குறைந்த மோடங்கள் தங்கள் வேலையில் ஒரு பகுதியைக் கம்ப்யூட்டர் தலையில் கட்டிவிடும். லேன் வயரில் செருகிய மோடம் தனி ஆள். தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். பாஸ்வேர்டை மோடத்திலேயே பதிந்துவிட்டால் அதுவே இணைப்பை ஏற்படுத்தும். வீட்டுக்கு இரண்டாவது கம்ப்யூட்டர் வந்தால் ஒரு ஸ்விட்ச் வாங்கி இரண்டையும் செருகிக்கொள்ளலாம். யு.எஸ்.பி.யில் அது நடக்காது.

மூன்றாவது, மின்னல். டெலிபோன் வயர் கம்பத்துக்குக் கம்பம் வெட்டவெளியில் வந்த காலம் அது. அதில் பாயும் மின் அதிர்ச்சி மோடத்தைத் தாண்டிக் கம்ப்யூட்டருக்குள் வர யு.எஸ்.பி. நேர்வழி. ஏனென்றால் அதன் செம்புக் கம்பிகள் மதர்போர்டுடன் நேரடியாக இணைந்திருக்கும். ஈதர்நெட் வாய்க்குள் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் உண்டு. சிக்னலைக் கடத்தும், இரு பக்கத்துக் கம்பிகளும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளும். 1500 வோல்ட் வரை தாங்க வேண்டும் என்பது தரவிதி. அருகில் விழும் மின்னலுக்கு இது தூசு. என்றாலும் தூரத்து இடியால் வரும் சில அதிர்ச்சிகள் அதோடு நின்றுவிடும்.

நான் ஒரு வருடம் யு.எஸ்.பி.யோடு மல்லாடிவிட்டு, சில நூறு ரூபாய்க்கு ஒரு நெட்வொர்க் கார்டு வாங்கிப் பொருத்தி லேன் வயருக்கு மாறினேன். அதன்பின் மோடம் இருக்கிறது என்பதே மறந்துபோனது. வீட்டில் உள்ள எந்தச் சாதனத்துக்கும் இதைவிட நல்ல சான்றிதழ் கொடுக்க முடியாது.

இது பழைய கதை. யு.எஸ்.பி.யா லேனா என்ற கேள்வி இன்று யாருக்கும் இல்லை. அதன் இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பது, வைஃபையா வயரா என்ற கேள்வி. இதையும் பெரும்பாலான வீடுகளில் பொருத்த வருபவரே தீர்மானித்துவிடுகிறார். அன்று அவர் யு.எஸ்.பி.யைச் செருகிவிட்டுப் போனார். இன்று வைஃபை பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போகிறார். காரணமும் அன்றையதுதான். அவருக்கு அது சுலபம்.

வைஃபை என்பது ரேடியோ. 2005 ஜனவரியில், பி.எஸ்.என்.எல். டேட்டாஒன்னைத் தொடங்கிய அதே மாதத்தில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று அரசு அனுமதித்தது. யாரும் என்றால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர், மேல் வீட்டுக்காரர், எதிர் பிளாட்காரர் எல்லோரும்தான். இந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. முப்பது குடித்தனம் உள்ள கட்டடத்தில் முப்பது மோடங்கள் இந்த மூன்றைப் பங்கு போடுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில்தான் சமைக்கிறது. மேலும், ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஆறு மணித் தண்ணீர் லாரி முன் நிற்கும் குடங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இடம் அதிகம், நெரிசல் குறைவு. 2018இல் அரசு அதை மேலும் தாராளமாகத் திறந்துவிட்டது. ஆனால் அது சுவரைத் துளைப்பதில் சோடை. நம் ஊர்க் கட்டடங்கள் செங்கல்லும் கான்கிரீட்டும். அட்டைத் தடுப்புச் சுவர்கள் அல்ல. ஒரே அறையில் இருந்தால் 5 பிரமாதம். இரண்டு சுவர் தாண்டினால் பெரும்பாலும் 2.4தான் எட்டும். இரும்பு பீரோவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இப்போது டோம்பிவிலிக்கு வருவோம். ஒரு வீடியோ உரையாடலுக்கு வினாடிக்கு 4 மெகாபிட் தாராளம். அக்கா வீட்டுக்குள் வருவது 100. அதை 300 ஆக்கினாலும் ஹாலில் உள்ள பெட்டிவரைதான் 300 வரும். பெட்டியிலிருந்து படுக்கையறைக்குப் போகும் வழி அதே சுவர், அதே பீரோ, அதே முப்பது குடித்தனம். பையனின் நேர்முகம் நின்றுபோனது வேகம் போதாமல் அல்ல, சீராக வராததால். வினாடிக்கு 20 மெகாபிட் வந்துகொண்டிருந்தது இரண்டு வினாடி நின்று, பிறகு 30 ஆக வந்தால், சினிமா பார்ப்பவருக்கு அது தெரியாது. சினிமா முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்ளும். எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பவரோடு பேசும்போது அப்படிச் சேர்த்து வைக்க முடியாது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். செலவில்லை. கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, 'பிங்' கட்டளையோடு உங்கள் மோடத்தின் முகவரியைத் தட்டுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 என்று இருக்கும். மோடத்தின் அடிப்பக்கம் ஒட்டிய சீட்டில் பார்த்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் ஒரு குரல் கொடுத்து, மோடம் பதில் சொல்ல எத்தனை மில்லி வினாடி ஆகிறது என்று வரிவரியாகக் காட்டும். இது வீட்டுக்கு உள்ளேயே நடக்கும் சோதனை. வெளி உலகத்துக்கும் உங்கள் பிளானுக்கும் இதில் பங்கில்லை. வயரில் இணைத்திருந்தால் ஒவ்வொரு வரியிலும் ஒரு மில்லி வினாடி, அல்லது அதற்கும் குறைவு. வைஃபையில் 3, 5, 4 என்று வந்துகொண்டே இருந்து திடீரென்று 180, 240 என்று எகிறினாலோ, பதிலே வரவில்லை என்று சொன்னாலோ, கோளாறு உங்கள் வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது. பிளானை மாற்றிப் பயனில்லை.

மாறாக, வயரில் செருகிய பின்பும் வேகம் வரவில்லை என்றால் கோளாறு வெளியே. அப்போது கம்பெனியைக் கூப்பிட்டுச் சண்டை போடலாம். முதலில் அவர்கள் கேட்கப்போகும் கேள்வியும் "வயரில் இணைத்துப் பார்த்தீர்களா?" என்பதுதான். பதில் தயாராக இருக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. 100 மெகாபிட் பிளானில் ஒரு ஃபைலை இறக்கும்போது திரையில் 12 என்று காட்டினால் ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். பிளான் பிட்டில், திரை பைட்டில். 100ஐ எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. கம்பெனிகள் இந்த வேகத்தைச் சுருக்கி எழுதும் எழுத்துகள் தமிழில் டாக்டர் படிப்பு மாதிரி ஒலிப்பதால்தான் இங்கே மெகாபிட் என்றே எழுதுகிறேன்.

வயர் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. கேட் 5இ அல்லது கேட் 6 என்று கேட்டு வாங்குங்கள். இரண்டும் நூறு மீட்டர்வரை வினாடிக்கு 1000 மெகாபிட் கடத்தும். வயருக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 1000 மெகாபிட்டுக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். 100க்கு இரண்டே போதும். கதவிடுக்கில் நசுங்கி ஒரு கம்பி அறுந்தால் இணைப்பு முழுதாகச் செத்துப்போகாமல் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடக்கூடும். 300 மெகாபிட்டுக்குப் பணம் கட்டும் உங்களுக்குத் துல்லியமாக 95க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறதென்றால் முதலில் வயரைச் சந்தேகியுங்கள். அடுத்து மோடத்தை. சில மோடங்களில் ஒரு லேன் வாய் மட்டும் 1000, மற்றவை 100. எது எது என்று பொருத்த வருபவரிடம் அவர் வாசலைத் தாண்டுவதற்குள் கேட்டுவிடுங்கள்.

லேப்டாப்பில் லேன் வாயே இல்லையே என்பீர்கள். உண்மை. மெல்லிய லேப்டாப்புகள் அதை விட்டுவிட்டன. அதற்கு யு.எஸ்.பி.யில் செருகும் லேன் அடாப்டர் கிடைக்கிறது. ஆம், இருபது வருடத்துக்கு முன் வேண்டாம் என்று ஒதுக்கிய யு.எஸ்.பி.தான். இப்போது அதை நம்பலாம். இன்றைய விண்டோஸ் பெரும்பாலான அடாப்டர்களைத் தானே அடையாளம் கண்டுகொள்கிறது. யு.எஸ்.பி. 3 வகை அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். 2 வகையின் உச்சவரம்பே 480 மெகாபிட். கைக்கு வருவது அதைவிடக் குறைவு.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் விடமாட்டார். துளைக்க வேண்டாம். சுவரும் தரையும் சேரும் ஓரமாகவே ஒட்டிக்கொண்டுபோகும் தட்டையான வயர் இருக்கிறது. கதவடியில் நுழையும். ஆனால் ஹாலில் உள்ள பெட்டிக்கு வரும் ஃபைபர் வயரை மட்டும் நீங்களாக இழுத்து இடம் மாற்ற முயலாதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. மடித்தால் போச்சு.

கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் மின்னல் பயம் பெருமளவு குறைந்திருக்கிறது. முற்றிலும் போகவில்லை. மோடத்தின் அடாப்டர் கரண்டில்தான் செருகியிருக்கிறது. சில பகுதிகளில் கேபிள்காரர் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி லேன் வயரையே தொங்கவிட்டு இணைப்புக் கொடுக்கிறார். அது செம்பு. உங்கள் வீட்டில் அப்படி என்றால், இடி இடிக்கும் நாளில் இரண்டையும் கழற்றி வைப்பதில் வெட்கமில்லை.

இன்னொன்று, எந்த வழியில் இணைத்தாலும் செய்ய வேண்டியது. மோடத்தின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு அல்ல, மோடத்துக்குள் நுழையும் பாஸ்வேர்டு. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வாடிக்கையாளர்களின் மோடங்கள் ஆயிரக்கணக்கில் ஒரு வைரஸ் தாக்கி முடங்கின. கம்பெனியில் வரும்போது வைத்திருந்த 'அட்மின்' என்ற பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டவைதான் மாட்டிக்கொண்டன. பூட்டு நல்ல பூட்டுதான். சாவி அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

வைஃபை வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செல்போனுக்கு வேறு வழி கிடையாது. கையில் எடுத்துக்கொண்டு வீடு முழுக்க அலையும் எதற்கும் வைஃபைதான். ஆனால் மேசை கம்ப்யூட்டர் அலைவதில்லை. டி.வி.யும் அலைவதில்லை. இடம் மாறாதவற்றுக்கு வயர் போட்டுவிட்டால் காற்றில் நெரிசல் குறைந்து செல்போன்களுக்கும் வழி கிடைக்கும். தேர்வு, நேர்முகம், டாக்டருடன் ஆலோசனை, பாங்கு வேலை என்று இடையில் அறுந்தால் நஷ்டம் வரும் எதையும் வயரில் செய்யுங்கள்.

அத்தான் வயர் வாங்கினார். மாதா மாதம் அல்ல, ஒரே ஒரு முறை சில நூறு ரூபாய். பீரோவுக்குப் பின்னால் ஓட்டி, கதவடியில் நுழைத்து, பையனே செருகினான். பிங் சோதனையில் ஒன்றுக்குக் கீழே வந்ததைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான். பிளான் இன்னும் நூறிலேயே இருக்கிறது.

அந்தக் கம்பெனி ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டது. முக்கால் மணி நேரம் படம் அசையாமல் பேசியிருக்கிறார்கள். வேலை கிடைக்கவில்லை. "கடைசி ரெண்டு கேள்விக்குப் பதில் தெரியலை மாமா" என்றான். அதற்குப் படித்துக்கொள்ளலாம். அடுத்த நேர்முகம் வரும் வியாழக்கிழமை.